ஃபிசாவைக் குளிப்பாட்டிய நாள்

கள்ளிக்குப்பத்தைச் சுற்றி எந்த முஸ்லிம் வீட்டில் ஒரு பெண் மவுத்தானாலும், உடம்பைக் குளிப்பாட்ட முதலில் ஆள் அனுப்புவது ஜுலைகாவுக்குத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளின் நூல் பிசிறை வெட்டுவது அவள் பிழைப்பு. குளிப்பாட்டுவதற்குக் கூலி வாங்க மாட்டாள்; அது நன்மைக்காகச் செய்வது. தகவல் வந்தால் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

மற்ற விசேஷங்களுக்கு அவளை அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. கல்யாணத்துக்குச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிறபோது மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபோல மறதி வருவதென்றால், அது என்ன மறதி என்று யாருக்குத்தான் தெரியாது? ஒருகாலத்தில் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். அப்படிப்பட்டவள் கையில் பச்சைப் பிள்ளையைக் கொடுக்க நம் ஜனங்களுக்கு மனசு வராது. மையத்தை, செத்த உடம்பை, கொடுப்பார்கள். மையத்துக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு தைரியம்.

அன்றைக்குத் தகவல் ஆள் மூலம் வரவில்லை. போனில் வந்தது. அவள் போனில் அலீனா என்கிற பேர் பதிந்து கிடந்ததே ஒழிய, அந்தப் பேர் ஒருநாளும் ஒலித்ததில்லை. ஜுலைகா இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அலீனா பேசறேங்க. அம்மா காலைல மவுத்தாயிட்டாங்க."

"இன்னாலில்லாஹி" என்று ஜுலைகாவின் வாய் தானாகச் சொன்னது.

"நீங்கதான் குளிப்பாட்டணும்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரில இருக்கும்போதே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. வருவீங்களா?"

"வரேன்" என்றாள் ஜுலைகா.

அலீனா ஜுலைகா பெற்ற பெண். அவள் அம்மா என்று சொன்னது ஃபிசாவை. இது புரியவேண்டுமானால் இருபது வருஷத்துக்கு முன்னால் போகவேண்டும்.

அப்போது ஜுலைகாவும் அவள் புருஷன் கலீல் ரகுமானும் கள்ளிக்குப்பத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஃபிசா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தையல் மெஷினை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே குழம்பை இரண்டு வீட்டுக்கும் வைத்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகிதம். ஜுலைகாவுக்கு அலீனா பிறந்தாள். நாற்பது நாள் கழிவதற்குள் ஜுலைகாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தூக்கம் போன பிறகு காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஷைத்தான் பிடித்திருக்கிறது என்று தர்காவுக்குக் கூட்டிப்போனார்கள். தாயத்துக் கட்டினார்கள். ஒரு மத்தியானம் காதுக்குள் பேசிய குரல், பிள்ளை கொதிக்கிறது, குளிரவை என்று சொன்னது. ஜுலைகா வாசலிலிருந்த தண்ணீர் டிரம்முக்குள் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

ஃபிசாதான் பார்த்தாள். மேல்மூடியை அறுத்தெடுத்த பிளாஸ்டிக் டிரம் அது. ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருக்கும். தோள் வரைக்கும் கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். அவள் கை முழங்கையிலிருந்து கிழிந்துபோனது. அந்த ரத்தத்தோடேயே பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, மூச்சு வர வைத்தாள்.

ஜுலைகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை ஃபிசாவின் மடிக்குப் போனது. பிள்ளையின் பின்னாலேயே கலீல் ரகுமானும் போனான். அவனைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. நல்ல மனுஷன்தான், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற நல்ல மனுஷன். அவன் அக்காள் மெஹ்ராஜ் பேசினாள், ஜமாத்தில் பேசினார்கள், ஜுலைகா ஆஸ்பத்திரியில் மாத்திரை மயக்கத்தில் இருக்கும்போதே தலாக் ஆகிவிட்டது. ஃபிசாவை நிக்காஹ் செய்துகொண்டு குமணன்சாவடிப் பக்கம் குடிபோய்விட்டான்.

அந்த ஆஸ்பத்திரியில் ரோஸி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். மத்தியானச் சோறு முடிந்ததும் நாலைந்து பெண்களை வராந்தாவில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வாள். மூச்சு வருகிறது, போகிறது, அதைக் கவனி என்பாள். எல்லோரும் சொல்வதுதான். அதற்கு மேல் அவள் சொன்னதுதான் ஜுலைகாவுக்குள் தங்கியது.

"நெஞ்சுக்குள்ள இப்ப யாரு வந்துகீறாங்கன்னு பாரு. கோவமா, பயமா, பேரச் சொல்லு. ஒண்ணுக்கொண்ணு ஆகாதவங்க ரெண்டு பேரு ஒரே நேரத்துல வருவாங்க. ஒருத்தர உக்கார வெச்சிட்டு ஒருத்தரத் தொரத்தாத. வெளிய நிக்கிறவரு கதவ ஒடைப்பாரு. ரெண்டு பேரையும் வா, உக்காருன்னு சொல்லு. சோறு மட்டும் போடாத."

இருபது வருஷமாக விடியற்காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, திக்ரு ஓதி முடித்து, ஜுலைகா அதைத்தான் செய்துவருகிறாள். தஸ்பீஹ் மணி மடியில் கிடக்கும். கண் மூடியிருக்கும். அநேகமாக தினமும் வருகிற இரண்டு பேருக்கும் ஒரே முகம். என் பிள்ளையைக் காப்பாற்றினாளே என்கிற நன்றிக்கு ஃபிசாவின் முகம். என் பிள்ளையை எடுத்துக்கொண்டாளே என்கிற கோபத்துக்கும் ஃபிசாவின் முகம்.

குணமாகி வந்த பிறகு அவள் குமணன்சாவடிக்குப் போகாமல் இல்லை. போனாள். ஃபிசா கதவைத் திறக்கவில்லை. மறுபடி போனாள். கடைசியாகப் போனபோது கிரில் கேட்டுக்குப் பின்னால் அலீனா நின்றிருந்தாள். நாலு வயசிருக்கும், ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். உள்ளேயிருந்து ஃபிசாவின் குரல் கேட்டது: "மிஸ்கீன் ஒருத்தர் பிச்சைக்கு வந்துகீறாங்க பாரு. ஒரு தம்ளர் அரிசி குட்த்துட்டு வா." பிள்ளை இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து, கம்பி வழியாக அரிசியை நீட்டியது. ஜுலைகா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? வாங்காவிட்டால் பிள்ளை உள்ளே போய்விடும்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. பத்தாவது முடித்த வருஷம்தான் அலீனாவுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். ஒரு பெருநாளைக்குக் கலீல் ரகுமான் அவளைக் கள்ளிக்குப்பத்துக்குக் கூட்டிவந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சேமியாவைச் சாப்பிட்டு, வரேங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் தாய்க்கும் மகளுக்கும்.

இப்போது பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஜுலைகா, பருத்திப்பட்டு ஏரி தெரிகிற இடத்தில் கண்ணை மூடினாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். துக்கம் வந்திருந்தது. ஒரே குழம்பைப் பகிர்ந்துகொண்ட சிநேகிதி செத்துப்போனாள் என்கிற சுத்தமான துக்கம். அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தர். பேர் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம். ஃபிசா போய்விட்டாள், இனி நடுவில் யாரும் இல்லை, அலீனா என்னிடம் வந்துவிடுவாள் என்கிற சந்தோஷம். ஒரு மையத்து வீட்டுக்குப் போகிற வழியில் வரக்கூடாத விருந்தாளி. ஜுலைகாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேரைச் சொன்னாள். உட்காரச் சொன்னாள். பருத்திப்பட்டு தாண்டி, பூந்தமல்லியும் வந்து, குமணன்சாவடியில் இறங்கும்வரை அந்த விருந்தாளி இறங்கிப்போகவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கலீல் ரகுமான் எழுந்து நின்று வழிவிட்டான். ஜுலைகா உள்ளே போனாள். பின்கட்டில் போர்வைகளைக் கட்டி மறைத்து, பலகை போட்டு, ஃபிசாவைக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற அலீனா. துணி பிடிக்க மெஹ்ராஜ்.

ஃபிசாவைப் பார்த்ததும் ஜுலைகாவுக்கு அடையாளம் தெரியவில்லை. கர்ப்பப்பையில் வந்த புற்று அவளைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் வைத்திருந்தது. என்னை வாசலில் நிற்க வைத்தவள் இவளா என்று கோபத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்தாள். மேலே போட்ட துணி விலகாமல், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கத்திலிருந்து கழுவினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வலிப்பது மாதிரி மையத்துக்கும் வலிக்கும் என்பார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீரை அலீனா ஊற்றினாள். தாரை ஒரே சீராக விழுந்தது. அவ்வளவு கவனமாக ஊற்றினாள்.

வலது கையை நீட்டிக் கழுவும்போது அந்தத் தழும்பு வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, வெளுத்துப்போன ஒரு கோடு. ஜுலைகாவின் கை நின்றுவிட்டது. அலீனாவும் தழும்பைப் பார்த்தாள், பிறகு ஜுலைகாவைப் பார்த்தாள். எதனால் வந்த தழும்பு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

ஜுலைகா ஒரு மூச்சு இழுத்தாள், விட்டாள். தழும்பின் மேல் கையை வைத்து, பிறந்த பிள்ளையைக் கழுவுவதுபோல் கழுவினாள். வேஷம் போடவில்லை. நன்றிதான் கழுவியது. கோபம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, எழுந்து போகவில்லை.

மூன்று தடவை ஊற்றி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து முடித்தாள். பிறகு தலைமுடி. மருந்துக்கு உதிர்ந்தது போக, திரும்பி முளைத்த முடி கொஞ்சம் இருந்தது. சிக்கெடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பெண் மையத்துக்கு மூன்று பின்னல் பின்னிப் பின்னால் போடுவது வழக்கம். எத்தனையோ பேருக்குப் பின்னியிருக்கிறாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாது.

"இன்னா ஜுலைகா, ஸ்கூலுக்கா அனுப்பிகினுகீறே?" என்றாள் மெஹ்ராஜ். மையத்துப் பலகைக்கு முன்னாலும் அந்த நாக்குக்கு ஓய்வு கிடையாது.

ஜுலைகா குனிந்து பார்த்தாள். சரிசமமாக வகிடெடுத்து, ரெட்டைப் பின்னல் பின்னியிருந்தாள். அந்தக் கைக்கு ஒரு பிள்ளைக்கு ரெட்டைப் பின்னல் போடக் கொடுத்து வைக்கவில்லை; அந்த ஏக்கம் இந்தத் தலையில் வந்து முடிந்திருக்கிறது. இத்தனை வருஷம் அலீனாவுக்குத் தினம் காலையில் ரிப்பன் கட்டியவளின் தலையில்.  ஜுலைகா பின்னலைப் பிரித்து, மறுபடி மூன்றாகப் பின்னினாள். அலீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்து, கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். மையத்தை வைக்கும் சந்தூக்கை ஆண்கள் தூக்க வருவதற்கு முன் ஒன்று பாக்கி இருந்தது. மனுஷர் அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷருக்கு மனுஷர் செய்ததை, பட்டவர் மன்னித்தால்தான் உண்டு. அதனால் மண்ணுக்குள் போவதற்குமுன் எல்லாரிடமும் மன்னிப்பு கேட்டுவிடுவார்கள். கேட்டால் எல்லாரும் மன்னிச்சோம் என்று சொல்லிவிடுவார்கள். மையத்து வீட்டில் அதற்கு மேல் யோசிக்கிறவர் யார்?

மெஹ்ராஜ் கேட்டாள். அலீனாதான் முதலில் சொன்னாள், சத்தமாக: "மன்னிச்சிட்டேன் அம்மா." பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு எல்லார் கண்ணும் ஜுலைகா பக்கம் திரும்பியது. ஃபிசா இவளைக் கூப்பிடச் சொன்னதே இந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது.

"நீங்களும் சொல்லுங்க" என்றாள் அலீனா. கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும்.

ஜுலைகாவுக்குத் தெரியும். இந்தச் சொல்லைச் சொன்னால் இந்தப் பெண் கிடைப்பாள். சொல்லாவிட்டால் இன்றோடு போனாள். சந்தோஷம் உள்ளேயிருந்து எழுந்து, சொல்லிடு, சொல்லிடு என்று முதுகைத் தள்ளியது. கண்ணை மூடிப் பார்த்தாள். நன்றி இருந்தது. துக்கம் இருந்தது. அரிசி வாங்கிய முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோபமும் அப்படியே உட்கார்ந்திருந்தது. மன்னிப்பு மட்டும் வந்திருக்கவில்லை. வராத ஒருவர் பேரைச் சொல்லி, இதோ வந்திருக்கிறார் என்று மண்ணுக்குள் போகிறவளிடமே பொய் சொல்வதா?

"நல்லா குளிப்பாட்டிகீறேன் ஃபிசா" என்றாள் அந்த முகத்தைப் பார்த்து. "என் புள்ளைய உசுரோட குட்த்தவ நீ. அத மறக்கல. மன்னிப்பு எனக்கு இன்னும் வரல. வந்தா அன்னிக்கே அல்லாகிட்ட சொல்லிடறேன். உன்ன காக்க வைக்க மாட்டேன்."

 மெஹ்ராஜ்தான் முதலில் திரும்பினாள்.

"பெத்த புள்ளைய தண்ணி டிரம்முல போட்டவ நீ. நீ மன்னிக்கிறதுக்கு இன்னா கீது? போய் வெளிய நில்லு."

ஜுலைகா பின்கட்டுக்குப் போனாள். முன்பக்கம் கலிமா சொல்லிக்கொண்டே ஆண்கள் சந்தூக்கைத் தூக்குவது கேட்டது. பெண்களின் அழுகை வாசல்வரை போய் நின்றது. சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு, மீதித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பலகையைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தாள். சொல்லிவிட்டாளே ஒழிய, மனசு பாறையாக இல்லை. இருபது வருஷம் காத்திருந்து கிடைக்கவிருந்த பெண்ணை இரண்டு வார்த்தையில் தொலைத்துவிட்டு வந்தவள், எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். கை மட்டும் வேலை செய்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு அலீனா வந்தாள். திட்டப்போகிறாள் என்று ஜுலைகா நினைத்தாள். அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

ஜுலைகா பலகையை விட்டாள்.

"எல்லாருக்கும் முன்னாடி முதல்ல சொன்னேனே. அது பொய். அந்த அரிசி எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க முந்தானை ஞாபகம் இருக்கு. அது யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கு அம்மாகிட்ட சண்டை போட்டேன். என் கையால பெத்தவங்களுக்குப் பிச்ச போட வெச்சியேன்னு கேட்டேன். அழுதாங்க. பயந்துட்டேன்மா, திரும்பவும் உன்ன தண்ணில போட்டுடுவாளோன்னு பயந்துட்டேன்மான்னாங்க. அதை நான் மன்னிக்கவே இல்ல. ஆனா அவங்க ஊட்டாம எனக்குக் காய்ச்சல்ல கஞ்சி கூட இறங்கினதில்ல. இப்ப மண்ணு போட்டிருப்பாங்க. என் பொய்யையும் சேத்து வெச்சுப் போட்டிருப்பாங்க."

ஜுலைகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  சொல்ல இருந்ததெல்லாம் இவளே சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அலீனா. குரல் மாறியிருந்தது. "என்னைத் தண்ணில போட்டீங்க. எங்க அம்மா உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ஆசப்பட்டாச்சும் போனாங்க. நீங்க எங்கிட்ட ஒரு வாட்டியாவது கேட்டீங்களா?"

 ஜுலைகா அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறாள், நெற்றியைத் தரையில் பதித்து ஸஜ்தாவில் கிடந்து கிடந்து. ரோஸியிடம் கேட்டிருக்கிறாள். அது நீயில்ல, உன் நோவு என்று ரோஸி சொன்னாள், டாக்டர் சொன்னார். அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிட்டாள். தினமும் கண்ணை மூடி உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவள், அந்த டிரம்முக்குள் மூச்சு முட்டியவளிடம் மட்டும் போய் நிற்கவில்லை. வாசலில் நிற்க வைத்தவளை இத்தனை வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேக்கல" என்றாள். "கேக்கணும்னே தோணல அலீனா. எனக்குப் பட்டதையே பாத்துகினு இருந்துட்டேன்."



ஜுலைகா அவள் கையைப் பிடித்தாள். தண்ணீரில் ஊறி விறைத்திருந்த கை. "மன்னிச்சியா?" என்று கேட்டாள்.

அலீனா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "இன்னும் இல்ல."

கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை. ஜுலைகாவின் ஈரத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன் அம்மாவுக்காக வாய்விட்டு அழுதாள்.